"எல்லாம் தலையெழுத்தா சார்?" உடம்பும் குணமும் பற்றி கடலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சக்குப்பம் பக்கம் விலங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சில்வர் பீச்சில் நடக்கும்போதும், கல்யாண வீட்டுப் பந்தியிலும், பழைய மாணவர்கள் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அவரவர் பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. மாத்திரை பெயர் கேட்காதீர்கள். ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "இதுக்கு உடம்புதான் காரணம்" என்றதும் பலர் அதைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொண்டு கையை விரித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை உடம்பு காரணம் என்றால் பாதி நேரம் அது நல்ல செய்தி.

"குணம் பிறவியிலேயே வருவதா, வளர்ப்பில் வருவதா?"

இரண்டும்தான் என்றால் கேட்டவர் முகம் வாடிவிடுகிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையருக்கு மரபணுக்கள் அச்சாக ஒன்றே. இரண்டு கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர் சாதாரண அண்ணன் தம்பி மாதிரிதான், சராசரியாகப் பாதி ஒத்துப்போகும். இரண்டு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே அம்மா சமையலில் வளர்கிறார்கள். ஆகவே முதல் வகையினரிடம் ஒற்றுமை எவ்வளவு கூடுதல் என்று பார்த்தால் மரபின் பங்கை மதிப்பிடலாம். இப்படி ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 2,748 ஆய்வுகளை 2015இல் மொத்தமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஏறக்குறைய 1.45 கோடி இரட்டையர் ஜோடிகள், 17,804 பண்புகள். சராசரியாக மரபின் பங்கு 49 சதவீதம்.

இதைக் கேட்டதும் "என் கோபத்தில் பாதி அப்பா கொடுத்தது" என்று சொல்லத் தோன்றும். அந்த எண் தனி ஆளைப் பற்றியதே இல்லை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபால் வருகிறது என்பதுதான் அது. பண்ருட்டிப் பலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மண், ஒரே தண்ணீரில் பல ரகக் கன்றுகளை நட்டால், காய்ப்பில் தெரியும் வித்தியாசமெல்லாம் ரகத்தால் வந்தது. ஒரே ரகத்தைச் செம்மண்ணிலும் களர் நிலத்திலும் நட்டால் வித்தியாசமெல்லாம் மண்ணால் வந்தது. மரம் அதேதான், கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. அதனால் "இந்தக் குணம் 50 சதவீதம் மரபு" என்று யாராவது எழுதினால், எந்த ஊரில், எப்படி வளர்ந்தவர்களிடம் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

"மரபணுவில் இருந்தால் மாற்றவே முடியாதா?"

பீனைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் கோளாறு. புரதத்தில் இருக்கும் பீனைல்அலனின் என்ற பொருளை உடைக்கும் நொதி அந்தக் குழந்தைக்கு வேலை செய்யாது. அது இரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து மூளையைக் கெடுக்கும். கவனிக்காமல் விட்டால் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடும் வலிப்பும் வரும். 1934இல் நார்வேயில் ஃபோலிங் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் இதே நிலை இருந்த ஒரு தாய் விடாமல் மருத்துவர் மருத்துவராக அலைந்ததால்தான் அது நடந்தது. காரணம் முழுக்க முழுக்க மரபணு. தீர்வு என்ன தெரியுமா? சாப்பாடு. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடித்து, அந்தப் பொருள் குறைந்த உணவைக் கொடுத்து வளர்த்தால் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும்.

மரபில் வந்தது மாறாது, பழக்கத்தில் வந்தது மாறும் என்று நம்புகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். முப்பது வருடப் பழக்கத்தை மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒரு சாப்பாட்டுப் பட்டியல் சுலபம்.

"அக்கா மகளைக் கட்டினால் பிள்ளைக்குப் புத்தி மட்டாகுமா?"

கட்டாயம் ஆகும் என்பது தவறு, ஒன்றும் ஆகாது என்பதும் தவறு. மேலே சொன்ன கோளாறு வர, பழுதான மரபணு அப்பா பக்கமிருந்து ஒன்று, அம்மா பக்கமிருந்து ஒன்று என இரண்டு பிரதி வேண்டும். ஒரு பிரதி மட்டும் இருப்பவர் ஆயுள் முழுக்கத் தெரியாமலே இருப்பார். அத்தை மகன், மாமன் மகள் உறவில் கட்டினால், ஒரே மூதாதையின் ஒரே மரபணு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு, ஒவ்வொரு மரபணு இடத்திலும், 16இல் 1. தாய்மாமன் கட்டினால் 8இல் 1. எல்லாத் தம்பதியருக்கும் பிறவிக் குறை வரும் வாய்ப்பு 100இல் 2 அல்லது 3 இருக்கிறது. அத்தை மாமன் பிள்ளைகள் கட்டினால் அது ஏறக்குறைய இரு மடங்கு. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிவந்த குடும்பமென்றால் இன்னும் கூடும். குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இப்படி இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் மரபியல் ஆலோசனை கேளுங்கள். ஜாதகம் பார்க்கும் நேரம்கூட ஆகாது.

"அப்பன் குடிகாரன். பிள்ளையும் அப்படித்தான் ஆவானா?"

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் முள்ளோடை தாண்டியதும் சாலையோரம் என்ன கடைகள் வரிசையாக நிற்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை.

குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி மரபு சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகளும் தத்தெடுப்பு ஆய்வுகளும் காட்டுகின்றன. ஆனால் "குடி மரபணு" என்று ஒன்று கிடையாது. ஏகப்பட்ட மரபணுக்கள், ஒவ்வொன்றும் துளி துளியாகச் சாய்க்கின்றன. ஒற்றை மரபணு பெரிதாக வேலை செய்வது எதிர்ப்பக்கத்தில்தான். ஜப்பான், சீனா, கொரியா நாட்டவரில் பலருக்கு மதுவை உடைக்கும் வழியில் ஒரு நொதி சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அவர்களிடம் குடிநோய் குறைவு. நம் பக்கத்தில் அந்த மாற்றம் அரிது, அதனால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இன்னொன்று, இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. "நான் எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா நிப்பேன் சார்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் மார்க் ஷூக்கிட் என்ற மனநல மருத்துவர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார். இளமையில் குறைந்த அளவுக்குப் போதை ஏறாதவர்களே பின்னாளில் அதிகமாகக் குடிநோயாளிகள் ஆனார்கள். காரணம் எளிது. போதும் என்று உடம்பு மற்றவர்களுக்குச் சொல்லும் நேரத்தில் இவர்களுக்குச் சொல்வதில்லை. ஆக, ஸ்டெடியாக நிற்பது வீரம் இல்லை, எச்சரிக்கை. அப்பாவும் குடிகாரர், தனக்கும் சீக்கிரம் ஏறாது என்றால் அந்தப் பையன் தொடாமலே இருப்பதுதான் நல்லது. 15 வயதுக்கு முன்பே தொட்டவர்களிடம் பின்னாளில் குடிநோய் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், கைக்கெட்டும் தூரத்தில் சாராயம் இல்லாத இடத்தில் மரபணு மட்டும் யாரையும் குடிகாரன் ஆக்கியதில்லை.

"மாலை போட்டு ஒரே நாளில் குடியை விட்டார். மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ நிற்கிறார்கள் என்கிறார். சாமி குத்தமா?"

இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மது மூளையை மந்தமாக்கும். தினமும் அதிகம் குடிப்பவரின் மூளை அதைச் சமாளிக்க, கிளர்ச்சியூட்டும் பக்கத்தைக் கூட்டி, அமைதிப்படுத்தும் பக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும். ஒரே நாளில் மது நின்றால் அமுக்கிக்கொண்டிருந்த கை எடுபட்டுவிடும், கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். முதல் நாளே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும், காய்ச்சலும், இல்லாதது கண்ணில் தெரிவதும் வரும். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. வருடக் கணக்கில் தினமும் குடித்தவர் நிறுத்த நினைத்தால் அது பாராட்ட வேண்டிய முடிவு. மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும். மருத்துவமனையில் சில நாள் மருந்தோடு, தயமின் என்ற வைட்டமினும் கொடுத்து இறக்குவார்கள். விரதம் அப்புறமும் இருக்கலாம்.

"பையன் ராத்திரி ஒரு மணி வரை முழிக்கிறான், காலையில் தண்ணீர் ஊற்றினாலும் எழுவதில்லை. சோம்பேறித்தனம்தானே?"

கொஞ்சம் போனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போன் வருவதற்கு முன்பும் பதினாறு வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் இருந்தார்கள். பருவம் வந்த பிறகு, தூக்கத்துக்கு அறிகுறி காட்டும் மெலட்டோனின் சுரக்கும் நேரம் இரவில் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. இந்தத் தள்ளல் இருபது வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல முன்னுக்கு வரும். தாத்தா நாலு மணிக்கு எழுவதும் பேரன் எட்டு மணி வரை தூங்குவதும் ஒரே கடிகாரத்தின் இரண்டு முனைகள். தாத்தாவின் ஒழுக்கத்துக்கு அதில் பங்கு குறைவு. (தாத்தாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் தாத்தாதான்.)

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், வளரிளம் பிள்ளைகளின் பள்ளி காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. நாமோ ஐந்து மணி டியூஷனுக்கு அனுப்புகிறோம். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தவன் கணக்குச் சாரிடம் எரிந்து விழுந்தால் அது திமிர் இல்லை, தூக்கக் கடன். படித்தது நினைவில் உறுதியாகத் தூக்கம் பெரிதும் உதவுகிறது. செய்யக்கூடியது: இரவு வெளிச்சத்தைக் குறைப்பது, காலையில் எழுந்ததும் வெயிலில் நிற்கவைப்பது, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்கவிடாமல் ஒரு மணி நேரம் மட்டும் கூடுதலாக விடுவது. முடிந்தால் அந்த ஐந்து மணி டியூஷனை மாலைக்கு மாற்றுங்கள்.

"நெய்வேலியில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் வீட்டில் எல்லோர் மேலும் எரிச்சல் வருகிறது. நான் கெட்டவனா?"

மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே ஏறக்குறைய 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு குட்டிக் கொத்து இருக்கிறது. உடம்பின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் காலை வெளிச்சம்தான் அதைச் சரிக்கட்டுகிறது. செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. உடல் வெப்பம், பசி, மனநிலை எல்லாம் அதற்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. நீங்கள் வேலை செய்யும் நேரத்தில் அது "தூங்கு" என்கிறது, பகலில் நீங்கள் படுத்தால் "எழுந்திரு" என்கிறது.

அப்படியானால் விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்குப் படகு எடுக்கும் மீனவர்கள்? அவர்கள் பலர் இரவு எட்டுக்கே படுத்துவிடுகிறார்கள், நேரம் வாராவாரம் மாறுவதில்லை. சுழலும் ஷிப்ட்தான் உடம்பைக் குழப்புவது. சுழற்சி காலை, மதியம், இரவு என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு தாங்கும், தலைகீழாகப் போனால் கஷ்டம். உங்கள் யூனியனில் பேச ஏற்ற விஷயம் இது. வீட்டில் செய்ய வேண்டியது: நைட் முடிந்து வரும்போது வெயில் கண்ணாடி, படுக்கும் அறையில் கனமான திரை, அந்த வாரத்தில் எந்தப் பஞ்சாயத்தையும் தொடங்காமல் இருப்பது. மூன்றாவதை மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு காபி குடித்தால் என்ன?"

கஃபீன் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பதினோரு மணிக்கு அரை டம்ளர் உள்ளேதான் இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும்.

"தானே புயலில் கூரை பறந்தது. இன்னும் காற்று சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்கிறது. இத்தனை வருஷம் ஆச்சே?"

தேவனாம்பட்டினம் பக்கத்து அம்மா ஒருவர் கேட்டது. இந்தக் கரையில் இருப்பவர்கள் பார்த்ததை அடுக்கிப் பாருங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி. 2011 டிசம்பர் 30, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே. 2015 வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த தண்ணீர். நெஞ்சு அடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

காதில் விழும் சத்தம் மூளையில் இரண்டு வழியாகப் போகிறது. ஒரு வழி நிதானமாக ஆராயும் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்குக்கு. இன்னொன்று குறுக்கு வழி, நேராக அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவு பகுதிக்கு. அது என்ன சத்தம் என்று நீங்கள் புரிந்துகொள்வதற்கு முன்பே இதயம் வேகமெடுத்துவிடும். ஆபத்து நேரத்தில் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் சுரப்பி அட்ரினலினைக் கொட்டும். அது நினைவையும் ஆழப் பதிக்கும். 1994இல் கேஹில், மெக்கா என்ற ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சிறுவனுக்கு விபத்து நடக்கும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். சாதாரணமாகப் பார்த்தவர்களுக்கு விபத்துப் பகுதிதான் நன்றாக நினைவில் நின்றது. அட்ரினலின் வேலையைத் தடுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்தப் பகுதி மற்றப் பகுதிகளைவிடத் தூக்கலாக நிற்கவில்லை.

அப்புறம் ஏன் பல வருடம் அடங்கியிருந்த பயம் ஃபெஞ்சல் சமயத்தில் திரும்பியது? பயம் அழிவதில்லை. "காற்று அடித்தது, ஒன்றும் ஆகவில்லை" என்ற புதுப் பாடம் பழையதன் மேல் ஏறி உட்காருகிறது, அவ்வளவுதான். புதுப் புயல் வந்தால் அடியில் இருப்பது எழும். இதை மனபலம் இல்லாததாக எண்ணி யாரும் வெட்கப்பட வேண்டாம்.

அமிக்டலாவைப் "பய மையம்" என்று எழுதுபவர்களுக்கு ஒரு தகவல். அது இரண்டு பக்கமும் அழிந்துபோன ஒரு பெண்மணி அமெரிக்காவில் இருக்கிறார். பாம்பு, சிலந்தி எதற்கும் அஞ்சாதவர். அவரைக் கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கவைத்த 2013 ஆய்வில் மூச்சுத் திணறி நடுநடுங்கிவிட்டார். வெளியிலிருந்து வரும் பயத்துக்கும் உள்ளிருந்து எழும் பயத்துக்கும் வழி வேறு.

சத்தம் கேட்டு நெஞ்சு படபடத்துப் பத்து நிமிடத்தில் அடங்குகிறது என்றால் கவலை வேண்டாம், மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுங்கள். மாதக் கணக்கில் கெட்ட கனவு, அந்த இடத்துக்கே போக முடியாமை, கடலுக்கு இறங்க முடியாமல் வருமானம் நிற்பது என்றால் அது சிகிச்சை உள்ள நோய். பயப்படும் விஷயத்தைத் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கவைக்கும் பேச்சு சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது.

"பிள்ளை பெற்று நாலு நாளில் மருமகள் அழுதுகொண்டே இருக்கிறாள். நாங்கள் என்ன குறை வைத்தோம்?"

ஒரு குறையும் வைக்கவில்லை, அம்மா. கர்ப்ப காலத்தில் மலைபோல் ஏறியிருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் என்ற ஹார்மோன்கள் நஞ்சுக்கொடி வெளியே வந்த சில நாட்களில் தடாலென்று இறங்கிவிடும். கூடவே தூக்கமும் போகிறது. பிள்ளை பெற்ற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் முதல் வாரத்தில் காரணமில்லாமல் அழுவார்கள். இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகும். இரவில் ஒரு தடவையாவது பிள்ளையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளை நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவிடுங்கள். எந்தப் பிரசவ மருந்தைவிடவும், எந்த லேகியத்தைவிடவும் அதுதான் மருந்து.

இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்கிறாள் என்றால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, பிள்ளையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொல்லும் நிலை வரும். அப்போது பச்சை உடம்பு, நாற்பது நாள் கழியட்டும் என்று காத்திருக்கவே கூடாது. அன்றைக்கே மருத்துவமனை.

"எதிலும் ஆர்வமில்லை, உடம்பு கனக்கிறது, அழுகை வருகிறது. மனநோயா?"

முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைந்தால் இப்படித்தான் இருக்கும்: மந்தம், மறதி, எடை ஏற்றம், மலச்சிக்கல், சோர்ந்த மனம். இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும் இதே வேஷம் போடும். பல வருடமாகச் சைவம் மட்டும் சாப்பிட்டு, பால் தயிரும் குறைவாக எடுப்பவர்கள் பி12ஐக் கட்டாயம் பாருங்கள். "அவள் சோம்பேறி" என்று குடும்பமே பல வருடம் பேசிய ஒரு பெண் தைராய்டு மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் எழுந்து நடமாடியதைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே என்றால், மனச்சோர்வுக்கான சிகிச்சைக்குப் போகலாம்.

"பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பது உண்மையா?"

உண்மை என்று நிரூபித்தே காட்டியிருக்கிறார்கள். 1944 இறுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைச் சேர்த்தார். போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காதவர்கள், தாங்களே முன்வந்தவர்கள், மனநலம் நன்றாக இருக்கிறதா என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் பாதி வயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி போயிற்று. அதைவிட, குணம் போயிற்று. சிரிப்பு நின்றது, சிறு விஷயத்துக்குச் சண்டை, ஆண் பெண் நாட்டமே இல்லை. சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். நல்லவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சிலர் சாப்பாடு திருடினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு மனம் தேற மாதங்கள் ஆயின.

இந்தச் சோதனைக்கு எழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1867இல், நம் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் தருமச்சாலை தொடங்கி அடுப்பை மூட்டிவிட்டார். பசித்தவனிடம் முதலில் உபதேசம் வேலை செய்யாது என்பது அவருக்கு ஆய்வகம் இல்லாமலே தெரிந்திருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளையின் "ஒழுங்கீனத்தை" விசாரிக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

"விரல் ரேகையை ஸ்கேன் செய்து பிள்ளை டாக்டராவானா, இன்ஜினியராவானா என்று சொல்கிறார்களே?"

காசை மிச்சம் பிடியுங்கள். விரல் ரேகைகள் கருவின் மூன்றாம் மாதம் தொடங்கி ஆறாம் மாதத்துக்குள் அமைந்துவிடுகின்றன, மூளையும் மேல்தோலும் கருவின் ஒரே வெளி அடுக்கிலிருந்துதான் தோன்றுகின்றன என்பது வரை அவர்கள் சொல்வது சரி. டவுன் சிண்ட்ரோம் போன்ற சில பிறவி நிலைகளில் கைரேகை வேறுபடுவதும் உண்மை. அங்கிருந்து "இந்தச் சுழி இருந்தால் கணக்கு வரும்" என்று தாவுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கம்ப்யூட்டரில் அச்சடித்துத் தரும் கைரேகை ஜோசியம் அது. ஜோசியர்கள் குறைவாக வாங்குவார்கள்.

"இடது மூளைக்காரன் கணக்கில் கெட்டி, வலது மூளைக்காரன் கலையில் கெட்டி என்கிறார்களே?"

அப்படி ஆட்கள் கிடையாது. மூளையில் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோம் என்பதும் கதை.

"மூளைதான் செய்யவைத்தது என்றால் குற்றத்துக்கு யார் பொறுப்பு?"

இந்தப் பேச்சு வந்தால் எல்லோரும் ஃபினியஸ் கேஜைக் கொண்டுவருவார்கள். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும் மேஸ்திரி. வெடிமருந்து தவறி வெடித்ததில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள கடப்பாரை இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது. பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பாக இருந்தவர் முரடாக, நிலையில்லாதவராக மாறிவிட்டார் என்றார் அவர் மருத்துவர். நெற்றிக்குப் பின்னிருக்கும் முன்மூளை நடத்தையைக் கட்டுப்படுத்துகிறது என்பதற்கு இதுதான் பாடப்புத்தக உதாரணம்.

பாடப்புத்தகம் அங்கேயே நிறுத்திவிடும். கேஜ் 1852இல் சிலி நாட்டுக்குப் போய், பல ஆண்டுகள் பயணிகள் குதிரை வண்டி ஓட்டினார். நேரத்துக்குக் கிளம்பி, பல குதிரைகளை ஒன்றாக நடத்தி, பயணிகளிடம் பேசி, கட்டணம் வாங்கும் வேலை. முரடனாகவே இருந்தவரால் அது முடிந்திருக்காது. 1860இல் இறந்தார். அடிபட்ட மூளையும் ஒழுங்கான தினசரி வேலை கிடைத்தால் ஓரளவு திரும்பக் கற்றுக்கொள்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

குற்றத்துக்கு வருவோம். எல்லாச் செயலுக்கும் மூளையில் ஒரு காரணம் இருக்கும், நல்ல செயலுக்கும்தான். அதனால் காரணம் இருப்பதே மன்னிப்பு ஆகாது. நம் சட்டம் கேட்கும் கேள்வி குறுகலானது: மனநிலை பிறழ்வால், செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் இருந்தாரா? பழைய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு. தானாகக் குடித்துவிட்டுச் செய்ததற்கு இந்தச் சலுகை கிடையாது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. பொறுப்பைக் கைவிடாமலே, அடுத்த ஆள் அப்படி ஆகாமல் இருக்க எந்த இடத்தில் கை வைப்பது என்று பார்க்க உயிரியல் உதவும்.

"மனநல மாத்திரை போட்டால் அதற்கே அடிமையாகிவிடுவோமா?"

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதால் வரும் பயம். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நிஜமாகவே பழக்கமாகும், அவற்றை மருத்துவர் சொன்ன நாளுக்கு மேல் மருந்துக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் அந்த வகை இல்லை. மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி வராது. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வேலை செய்யச் சில வாரம் ஆகும், அதற்குள் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விடுபவர்கள்தான் அதிகம். "மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைந்தால் மனச்சோர்வு" என்ற எளிய விளக்கம் இன்று நிற்பதில்லை, விஷயம் அதைவிடச் சிக்கல். அதனால் மாத்திரை வேலை செய்யாது என்று ஆகிவிடாது.

"யாரிடம் போவது? போகும்போது என்ன சொல்வது?"

14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரியுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்தது, மனநலத் துறை உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் அதிகம்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழுகிறார், ஷிப்ட் உண்டா, குடி உண்டா, கடைசியாகக் குடித்தது எப்போது, இப்போது போடும் எல்லா மாத்திரையும் (நாட்டு மருந்து உட்பட), பெண்ணானால் மாதவிலக்கும் பிரசவமும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. பழைய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடியை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள்.